முறைப்பெண்ணுக்கு ஆங்கிலம் இல்லை

ஆங்கிலத் தொடக்கப் பாடநூல்களில் குடும்பம் பற்றிய பாடம் தவறாமல் வரும். ஒரு மரத்தை வரைந்திருப்பார்கள். உச்சிக் கிளையில் தாத்தாவும் பாட்டியும் இருப்பர். நடுக்கிளையில் தந்தை, தாய், ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’. கீழ்க்கிளையில் பிள்ளைகளும் ‘கசின்’களும். பத்துப் பன்னிரண்டு சொற்களோடு பாடம் முடிந்துவிடும். காரைக்கால் மாவட்டத்தின் கோட்டுச்சேரியிலோ நெடுங்காட்டிலோ இப்பாடம் நடக்கும்போது, “மாமாவும் அங்கிள், பெரியப்பாவும் அங்கிளா, டீச்சர்?” என்று ஒரு பிள்ளை கேட்குமானால் அதைக் குறும்பென்று தள்ளிவிடலாகாது. உறவுமுறை ஆய்வு என்னும் அறிவுத்துறை ஏறத்தாழ இதே கேள்வியிலிருந்துதான் பிறந்தது.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் வழக்கறிஞராயிருந்தவர் லூயிஸ் ஹென்றி மார்கன் (1818–1881). தம் பகுதியில் வாழ்ந்த செனகா என்னும் தொல்குடியினர் தந்தையின் உடன்பிறந்தானையும் தந்தை என்றே அழைப்பதையும், தாயின் உடன்பிறந்தானுக்கு மட்டும் வேறு பெயர் வைத்திருப்பதையும் அவர் கண்டார். ஐரோப்பியக் கண்ணுக்கு இது குழப்பமாகத் தோன்றியது. மார்கனோ இதில் ஓர் ஒழுங்கு இருப்பதை உணர்ந்து, நீண்ட வினாப்பட்டியல் ஒன்றை அச்சிட்டு உலகின் பல மூலைகளுக்கும் அனுப்பினார். ஆர்க்காட்டுப் பகுதியில் சமயப் பணி செய்த ஸ்கடர் குடும்பத்தார் வழியாகத் தமிழ் உறவுமுறை அவர் கைக்கு எட்டியது. செனகா மக்களின் முறையும் தமிழர் முறையும் பெரிதும் ஒத்திருக்கக் கண்டு அவர் வியந்தார். 1871இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட அவரது பெருநூலில் தமிழ் உறவுப்பெயர்கள் வரிசை வரிசையாக இடம்பெற்றன. இந்த ஒப்புமையைக் கொண்டே அமெரிக்கத் தொல்குடியினர் ஆசியாவிலிருந்து சென்றவர் என்று நிறுவ முயன்றதுதான் அவர் செய்த பிழை. அவர்களின் மூதாதையர் ஆசியாவிலிருந்து சென்றது உண்மையே. ஆனால் உறவுமுறை அதற்குச் சான்றாகாது. ஒரே வகை ஒழுங்கை வெவ்வேறு மக்கள் தாமே கண்டடைய முடியும்.

அந்த ஒழுங்குதான் என்ன? நம் வீட்டு முறையையே எடுத்துக்கொள்வோம். ஆணும் ஆணும் உடன்பிறந்தாரானால் இருவரும் ஒரே நிலையினர். பெண்ணும் பெண்ணும் அவ்வாறே. ஆகவே தந்தையின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா. தாயின் அக்காள் பெரியம்மா, தங்கை சித்தி. அப்பா, அம்மா என்னும் சொற்கள் இப்பெயர்களுள் பெரும்பாலானவற்றில் அப்படியே நிற்பதைக் காண்க. இவர்களின் பிள்ளைகள் நமக்கு அண்ணன், அக்காள், தம்பி, தங்கை. உடன்பிறந்தார் இருவரில் ஒருவர் ஆணும் மற்றவர் பெண்ணுமானால் நிலை மாறிவிடும். தாயின் உடன்பிறந்தான் மாமன். தந்தையின் உடன்பிறந்தாள் அத்தை. இவர்களின் பிள்ளைகளே மச்சான், மச்சினி, முறைமாப்பிள்ளை, முறைப்பெண். பங்காளியா, மாமன் மச்சானா என்று ஊரில் கேட்கும் கேள்வி உறவுலகம் முழுவதையும் இரண்டாகப் பிளந்துவிடுகிறது.

இப்பிளவு எத்தனை தொலைவானாலும் மங்குவதில்லை. திருநள்ளாற்றில் ஒரு திருமண வீட்டில் முன்பின் அறியாத பெரியவர் ஒருவர் இளைஞனிடம், “உங்க அப்பாவைப் பெத்த அம்மா எனக்கு அத்தை” என்கிறார் எனக் கொள்வோம். பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் பாட்டி தலையைத் தூக்காமலே, “அப்ப உனக்கு மாமா முறை ஆகுது, தம்பி” என்று சொல்லிவிடுவார். அவர் போட்ட கணக்கு இது: பெரியவருக்கு அத்தை எனில், அவருடைய தந்தையும் இளைஞனின் பாட்டியும் உடன்பிறந்தவர்கள். ஆணும் பெண்ணுமான உடன்பிறந்தாரின் பிள்ளைகள் என்பதால் பெரியவரும் இளைஞனின் தந்தையும் மச்சான்கள். தந்தையின் மச்சான் மகனுக்கு மாமன். அவர் மகள் முறைப்பெண். செனகா முறை தமிழ் முறையிலிருந்து பிரிவதும் இந்த இடத்தில்தான். அவர்களிடம் தந்தையின் மச்சானும் தந்தை வரிசையிலேயே நிற்பார். 1964இல் ஃபிளாய்டு லவுன்ஸ்பரி என்னும் மொழியியலாளர் இவ்வேறுபாட்டைத் தெளிவாக விளக்கினார். இந்த நுட்பத்தை நம் பாட்டிமார் எழுத்தறிவின்றியே கையாண்டு வந்திருக்கின்றனர்.

இப்பகுப்பின் அடிப்படை மணவுறவே என்று 1953இல் வாதிட்டவர் லூயி துய்மோன் என்னும் பிரெஞ்சு அறிஞர். மதுரைப் பக்கத்துப் பிறமலைக் கள்ளரிடையே தங்கி ஆய்ந்தவர் அவர். அவர் கூற்றின்படி மாமன் என்பவன் தாயின் உடன்பிறந்தான் என்பதைவிடத் தந்தையின் மைத்துனன் என்பதே முதன்மை. மணத்தால் வந்த உறவும் நிலம்போல் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது. மாமனார்க்கும் மாமன் என்றே பெயர், மாமியார்க்கும் அத்தை என்றே பெயர், அக்காள் மகனும் மகளின் கணவனும் ஒருங்கே மருமகன். இவற்றையெல்லாம் இக்கருத்து ஒரே வீச்சில் விளக்கிவிடுகிறது.

இனி ஆங்கிலத்துக்கு வருவோம். அம்மொழி எப்போதும் இப்படிச் சுருங்கியிருந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் தந்தையின் உடன்பிறந்தானுக்கு ‘ஃபெடரா’ என்றும் தாயின் உடன்பிறந்தானுக்கு ‘ஏஆம்’ என்றும் தனித்தனிச் சொற்கள் வழங்கின. 1066இல் நார்மண்டியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாகப் புகுந்தன. தந்தை, தாய், மகன், மகள், உடன்பிறந்தோர் ஆகியோர்க்கு உரிய சொற்கள் பழையனவாகவே நின்றன. அங்கிள், ஆன்ட், கசின், நெவ்யூ, நீஸ் ஆகிய ஐந்தும் பிரெஞ்சு வழி வந்தவை. இவற்றுள் முதற்சொல்லின் வேர் இலத்தீனின் ‘அவுங்குலுஸ்’. அதற்குத் தாய்மாமன் என்பதே பொருள். சித்தப்பாவுக்கு இலத்தீனில் வேறு சொல் இருந்தது. வகுப்பில் கேட்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லலாம்: முதலில் மாமா மட்டுமே அங்கிள், பெரியப்பா பிற்பாடு வந்து சேர்ந்துகொண்டவர்.

இங்கிலாந்துக்குப் போன அதே பிரெஞ்சுச் சொற்கள் பல நூற்றாண்டு கழித்து அரசலாற்றுக் கரைக்கும் வந்தன. 1739இல் தஞ்சை மராத்திய அரசரிடமிருந்து காரைக்காலைப் பிரெஞ்சியர் பெற்றனர். 1954 நவம்பர் 1 அன்று அது இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படி இணைந்தது. சுற்றிலும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல் என அமைந்த இச்சிறு நிலத்தில் உறவு என்பது இரு வேறு கணக்குகளில் எழுதப்பட்டது. ஒன்று வீட்டு வழக்கு. மற்றொன்று 1804இல் நெப்போலியன் காலத்தில் இயற்றப்பட்ட பிரெஞ்சுக் குடிமைச் சட்டம்.

அச்சட்டம் உறவைப் படி எண்ணி அளக்கிறது. ஒருவரிலிருந்து பொது மூதாதை வரை ஏறி, அங்கிருந்து மற்றவர் வரை இறங்கினால் கிடைக்கும் தலைமுறை எண்ணிக்கையே படி. உடன்பிறந்தார் இரண்டாம் படி. மாமனும் மருமகளும் மூன்றாம் படி. மாமன் மகளும் நான்காம் படி, சித்தப்பா மகளும் நான்காம் படி. மூன்றாம் படியில் மணம் கூடாது. தக்க காரணம் காட்டிச் சிறப்பு ஒப்புதல் பெற்றால்தான் உண்டு. நான்காம் படியில் தடையில்லை. இதன் விளைவைப் பாருங்கள். தமிழ் வழக்கில் உரிமையென்று கருதப்பட்ட அக்காள் மகள் மணத்தை அச்சட்டம் விலக்குகிறது. தமிழ் வழக்கில் நினைத்தாலே நாக்கைக் கடித்துக்கொள்ளும் சித்தப்பா மகள் மணத்தை அனுமதிக்கிறது. அச்சட்டத்துக்குத் தொலைவு மட்டுமே தெரியும், திசை தெரியாது. ஆங்கிலக் ‘கசின்’ என்னும் சொல்லும் அப்படிப்பட்டதே.

எல்லார்க்கும் இச்சட்டம் கட்டாயமாக்கப்படவில்லை. 1881 செப்டம்பர் 21 நாளிட்ட ஆணையின்படி, விரும்பியவர் தம் சாதி சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வரலாயினர். ‘ரெனோன்சான்’ எனப்பட்ட இவர்கள் தலைமுறைதோறும் மாறாத குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்து பதிய வேண்டும். புதுச்சேரியில் இதற்கு முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லா போர்த்’ என்னும் பெயரைக் கொண்டார். தமிழர்க்கு இது புதுமை. நம் தலைப்பெழுத்து தந்தையோடு நின்றுவிடும். அடுத்த தலைமுறையில் அது மாறும். ஆங்கிலப் படிவத்தில் ‘சர்நேம்’ என்னும் கட்டத்தை நிரப்பும்போது இன்றும் நம்மவர் தடுமாறுவதன் காரணம் இதுவே; அந்தக் கட்டம் கேட்கும் பொருள் நம்மிடம் பெரும்பாலும் இல்லை. ரெனோன்சான் குடும்பங்களை 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் இன்றளவும் கட்டுப்படுத்துவதில்லை என்பதையும் இங்கே குறித்துவைக்கலாம்.

ஆங்கிலத்தில் மண உறவினரைச் சுட்டும் ‘இன் லா’ என்னும் ஒட்டு மாணவர் பலரைக் குழப்பும். எந்தச் சட்டம்? கிறித்தவத் திருச்சபையின் மணவிலக்குச் சட்டம். கணவனும் மனைவியும் ஓருடல் என்று அச்சபை கருதியமையால் மனைவியின் தங்கை, சட்டத்தின் பார்வையில் தன் தங்கையே. இது வெறும் பேச்சன்று. மனைவி இறந்தபின் அவள் தங்கையை மணப்பதை 1835ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் செல்லாததாக்கியது. 1907இல்தான் தனிச்சட்டம் இயற்றி அதை நீக்கினர். தாய் இறந்த வீட்டில் பிள்ளைகளுக்குச் சித்தியே தாயாக வரட்டும் என்று பெரியவர்கள் முடிவெடுப்பதைப் பார்த்துப் பழகிய டெல்டாக் குடும்பத்துக்கு அந்தத் தடை விளங்கவே விளங்காது. ‘சிஸ்டர் இன் லா’ என்னும் ஒரே சொல் கொழுந்தியாள், நாத்தனார், அண்ணி, தம்பி மனைவி எனப் பலரையும் ஒருங்கே சுட்டும். மறுபுறம் சம்பந்திக்கும் சகலைக்கும் ஓரகத்திக்கும் அதில் ஒரு சொல்லும் இல்லை.

இல்லாத இடத்தை நம்மவர் சும்மா விடவில்லை. சகலையைக் ‘கோ பிரதர்’ என்றும் ஓரகத்தியைக் ‘கோ சிஸ்டர்’ என்றும் ஆக்கிக்கொண்டனர். சித்தப்பா மகனைக் ‘கசின் பிரதர்’ என்கின்றனர். இலண்டனில் இது காதுக்கு உறுத்தலாம். ஆங்கில ஆசிரியர் சிவப்பு மையால் அடிக்கலாம். மொழியியல் நோக்கில் இது பிழையன்று என்பேன். பேசுவோர் மனத்தில் உயிரோடிருக்கும் ஒரு பகுப்பு, வந்த மொழியிலும் தனக்கென்று ஓர் இடம் தேடிக்கொண்டிருக்கிறது. தேர்வுத்தாளில் மட்டும் ‘கசின்’ என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான்.

உயிரியல் யார் பக்கம்? 1922இல் சூவல் ரைட் வகுத்த உறவுக் கெழுவின்படி, மாமன் மகளும் சித்தப்பா மகளும் ஒருவருடன் எட்டில் ஒரு பங்கு மரபணுக்களைப் பகிர்கின்றனர். அக்காள் மகள் நான்கில் ஒரு பங்கு. மரபணுவுக்கு முறை தெரியாது. மாமன் மகளை மணந்தவரின் குழந்தைக்கு, குறிப்பிட்ட ஒரு மரபணுவின் இரு படிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தனவாக அமையும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. அக்காள் மகள் மணத்தில் எட்டில் ஒன்று. ஒளிந்திருக்கும் நோய்க்கூறு வெளிப்படுவது இவ்வழியில்தான். கருவுற்ற பெண்ணிடம் “சொந்தத்தில் கல்யாணமா?” என்று மருத்துவர் கேட்பதும், “ஆமாம்” என்றால் “மாமன் மகனா, தாய்மாமனா?” என்று தொடர்வதும் இதனாலேயே. இந்தக் கணக்குக்கு ‘கசின்’, ‘அங்கிள்’ என்னும் ஆங்கிலச் சொற்களே போதும்.

மரபுத்தொடர்களிலும் உயிரியல் ஒளிந்திருக்கிறது. ‘பிளட் இஸ் திக்கர் தேன் வாட்டர்’ என்பதற்கு நம் பக்கத்து இணை, தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும். குருதியின் பிசுக்குமை நீரினும் மூன்று நான்கு மடங்கு மிகுதி என்பது உண்மை. ஆயினும் மரபு குருதியில் ஓடுவதில்லை. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே கிடையாது. மரபைக் கடத்துவன கருமுட்டையும் விந்தணுவும். ‘பிளாக் ஷீப்’ என்பது குடும்பத்துக்குக் கெட்ட பெயர் தேடித் தருபவனைக் குறிக்கும். வெள்ளாட்டைச் சொல்லவில்லை, கம்பளி தரும் செம்மறியைச் சொல்கிறார்கள். வெண்மை ஓங்கு பண்பு, கருமை ஒடுங்கு பண்பு ஆதலின், கருமைக்கூற்றை மறைவாகச் சுமக்கும் இரு வெள்ளைச் செம்மறிகளுக்கு நான்கில் ஒரு வாய்ப்பில் கருங்குட்டி பிறக்கும். அதன் கம்பளியில் சாயம் ஏறாது; எனவே விலை போகாது. பழி முழுதும் குட்டியின்மேல் விழுந்தாலும் கூறு வந்தது தாய் தந்தை இருவரிடமிருந்துந்தான்! ‘லைக் ஃபாதர் லைக் சன்’ என்பதற்கு, தாயைப்போலப் பிள்ளை, நூலைப்போலச் சேலை என்று நாம் சொல்வோம். அவர்கள் தந்தையைச் சொல்லும் இடத்தில் நாம் தாயைச் சொல்கிறோம். ‘மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்’ என்பதற்கு ஈடான ஆங்கிலத் தொடரைத் தேடுவது வீண்வேலை; ஒரே கூரையின்கீழ் இருவரும் வாழும் வழக்கம் அங்கே அருகியது.

காரைக்கால் தெருக்களில் உறவுச் சொல் சமயத்துக்கு ஏற்பவும் மாறும். கரையோர முஸ்லிம் இல்லங்களில் தந்தை வாப்பா, தாய் உம்மா, அண்ணன் நானா, அக்காள் லாத்தா. ஒலிகள் வேறாயினும் மூத்தோர் இளையோர் என்னும் பிரிவும் மாமி மச்சான் என்னும் வரிசையும் அப்படியே இருக்கின்றன. ஆங்கிலத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சொல்தான். வேண்டுமானால் ‘எல்டர்’ என்று முன்னே ஒட்டிக்கொள்வர். நமக்கோ வயது தெரியாமல் கூப்பிடவே வாய் வராது.

குருதியோ மணமோ இல்லாதவரையும் உறவுச் சொல்லால் அழைப்பதற்கு இவ்வூரைவிடச் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை. புனிதவதியைப் பேயுருவில் கண்ட இறைவன் அம்மையே என்று அழைத்ததாகவும் அவர் அப்பா என்று விளித்ததாகவும் சேக்கிழார் பாடுகிறார். அந்த அழைப்பால் அவர் காரைக்கால் அம்மையார் ஆனார். அதற்கு முன்பே அவர் கணவன் பரமதத்தன், தன் மறுமனைவியோடும் மகளோடும் அவர் காலில் விழுந்தான். மனைவியாயிருந்தவர் அந்நொடியில் வணங்கத்தக்கவர் ஆகிவிட்டார். ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் ஊர் இன்றும் இக்கதையை நடித்துக் காட்டுகிறது. இன்று கடைக்காரரை ‘அங்கிள்’ என்றும் பக்கத்து வீட்டம்மாவை ‘ஆன்ட்டி’ என்றும் பிள்ளைகள் கூப்பிடுவது ஆங்கில நாகரிகமன்று. அயலாரையும் உறவாக்கும் தமிழ் வழக்கு ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டது. இலண்டன் கடைக்காரரை அப்படிக் கூப்பிட்டால் விழிப்பார்.

இரு முறைகளில் உயர்ந்தது எது என்று கேட்பாருண்டு. 2012இல் சார்லஸ் கெம்ப், டெரி ரெஜியர் என்னும் இருவர் 487 மொழிகளின் உறவுமுறைகளைக் கணித முறையில் ஒப்பிட்டு ‘சயன்ஸ்’ இதழில் எழுதினர். சொற்கள் குறைந்தால் கற்பது எளிது, ஆனால் பொருள் மங்கும். சொற்கள் பெருகினால் பொருள் தெளியும், நினைவுக்குச் சுமை. உலக மொழிகள் இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இயன்ற அளவு சிறந்த சமநிலையிலேயே நிற்கின்றன என்பது அவர்தம் முடிவு. ஆங்கிலம் ஓரிடத்தில் நிற்கிறது, தமிழ் வேறோரிடத்தில் நிற்கிறது. எதுவும் குறையுடையதன்று.

குழந்தைகளுக்கு இச்சொற்கள் இயல்பாகவே கடினம். தனக்கு ஓர் அண்ணன் உண்டு என்று சொல்லும் சிறுவன், அந்த அண்ணனுக்குத் தம்பி உண்டா என்று கேட்டால் இல்லை என்பான். இதை ஜான் பியாஜே 1920களிலேயே எடுத்துக்காட்டினார். உறவுச் சொற்களில் சிக்கல் குறைந்ததைக் குழந்தை முன்னும் மிகுந்ததைப் பின்னும் கற்கிறது என்பதை 1974இல் ஹேவிலண்டும் ஈவ் கிளார்க்கும் ஆய்ந்து கூறினர். தாய்மொழியில் இந்தக் கணக்கு கைவராத பிள்ளைக்கு ஆங்கிலச் சொற்பட்டியலைப் புகட்டுவதால் பயன் சிறிதே.

ஆகவே காரைக்கால் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடநூல் மரத்தைத் திறக்குமுன், பிள்ளை தன் வீட்டு மரத்தைத் தமிழில் வரையட்டும். மாமன் வழியை ஒரு நிறத்திலும் பங்காளி வழியை மற்றொரு நிறத்திலும் தீட்டட்டும். பிறகு எந்த நிறங்கள் ஆங்கிலத்தில் கலந்துவிடுகின்றன என்று காட்டுங்கள். ‘மை மதர்ஸ் யங்கர் பிரதர்’, ‘மை ஃபாதர்ஸ் எல்டர் பிரதர்’ என்று உறவை அவிழ்த்துச் சொல்லப் பழக்குங்கள். பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் இவ்வூரில் பல. நுழைவிசைவுப் படிவத்தில் பெரியப்பாவை ‘ஃபாதர்’ என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். ‘அங்கிள்’ என்று மட்டும் எழுதினால் எந்த வழி அங்கிள் என்று கேள்வி வரும். அவிழ்த்து எழுதினால் இரண்டும் நேராது.